கீரை தின்னும் ஆப்பிரிக்க மீன்கள்

என் கையெழுத்துக் கோணல்; எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மன்னியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்துகொண்டு, மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கீசர் வழிவந்த ஒரு பறங்கித் தையற்கார அக்காவுக்கு வாவி இறால் விற்றேன். அவர் கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். கண்ணாடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் வளர்த்தார். அவற்றுக்குக் கங்குன் கீரை அவித்துப் போடுவார். மீனுக்குக் கீரையா என்று இரங்கி, அவருக்குத் தெரியாமல் இறால் துண்டுகளைப் போட்டு வந்தேன். இரண்டு மீன்கள் வயிறு ஊதிச் செத்தன. உண்மையைச் சொன்னேன்.

“இது கல்லில பாசி சுரண்டித் தின்ற சாதி தம்பி. இறால் செமிக்காது. மிச்சத்தையாவது விட்டு வையுங்க,” என்றார்.

பிறகு நாட்டில் மறுபடி சண்டை மூண்டு சாமான்கள் தட்டுப்பாடானபோதும் கீரை நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒருத்தி, “சனத்துக்கே கறியில்ல, இவ மீனுக்கு அவிக்கிறா!” என்று சிரித்தாள்.

அக்கா சட்டியோடு நிமிர்ந்தார். “ஓம், அவிக்கிறன்தான். அதுகள அடைச்சு வச்சது நான். அடைச்சவள்தான் ஒத்துக்கொள்ற தீன் குடுக்கணும்.” பிறகு என்னிடம், “முகாமில உங்களுக்கு என்ன ஒத்துக்கொள்ளும் எண்டு ஆரும் கேட்டவங்களா தம்பி?” என்றார்.

“இல்ல அக்கா.”

போரும் முடிந்துவிட்டது. எத்தனையோ பேர் எங்களை வேலிக்குள் வைத்துச் சோறு போட்டார்கள். அந்தக் கேள்வியை அவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை.

எழுதியது: 2009 ஆவணி 12.