இருபத்தோரு அங்குலம்

ஆந்திர எல்லையில் குப்பம் என்கிற ஊருக்கு வெளியே இருந்த கிரானைட் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த மேசை ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே புல்தரை. அதன்மேல் கையால் தள்ளுகிற பழைய புல்வெட்டி 'கிர்ர்' என்று ஓடும் சத்தம்தான், அந்த அலுவலகத்தை நினைத்தால் இன்றும் முதலில் என் காதில் விழுவது. அதற்கு என்ஜின் கிடையாது. தள்ளினால் சக்கரம் உருளும், சக்கரம் உருண்டால் கத்தி சுற்றும், தள்ளுகிற ஆள் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஆள் நடக்கிறாரா நிற்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். சேர்ந்த புதிதில், இவ்வளவு அடிக்கடி இவர் ஏன் நிற்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவரை எல்லோரும் ரம்பத்து அண்ணன் என்பார்கள். லாரியளவு கல்லைப் பலகை பலகையாக அறுக்கும் பெரிய ரம்பத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் மிஷினைத் தொட்ட முதல் ஆள் இவர்தான். நான் சாந்திபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற, பி.காம். முடித்த பெண். கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. எங்கள் பக்கத்துப் பாறைகள் கப்பலேறிப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. கல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் கண்ணில் கொஞ்சம் பச்சை படவேண்டும் என்று மேனேஜர் சார் ஆசைப்பட்டு, அலுவலகத்துக்கு முன்னால் அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகப் புல்தரை போட்டு, சுற்றிலும் இடுப்புயரத்துக்குக் கல்சுவர் எழுப்பியிருந்தார்.

பன்னிரண்டு வருஷக் கல்தூசு அண்ணனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ரம்பத்துப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மேனேஜர் சார் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தினக்கூலியில் தோட்டத்துக்கு மாற்றினார். முதல் வாரம் முழுக்க அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவரை 'மாலி', அதாவது தோட்டக்காரர், என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

ஒரு நாள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி வழி போனதும் சத்தம் நின்றது. அண்ணன் குனிந்து புல்லிலிருந்து எதையோ பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தள்ளினார். திரும்புமிடத்தில் மறுபடி குனிந்தார். கல் தொழிற்சாலையாயிற்றே, சில்லு கிடக்கும், கத்தியில் பட்டால் கெட்டுவிடும், அதனால் பொறுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கம் நடந்து போனபோது அவர் இன்னும் வெட்டாத பகுதியைத் தேடிப் பார்த்தேன். ஒரு சில்லுகூட இல்லை. எப்போதோ எல்லாவற்றையும் பொறுக்கி முடித்திருந்தார். மூச்சு வாங்குவதற்காக நிற்பதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எரிச்சல்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் நிற்பதை எண்ண ஆரம்பித்தேன். ஒரு நடைக்கு இரண்டு தடவை. மாதங்கள் போகப் போக மூன்று.

பழைய புல்வெட்டியின் கத்தி தேய்ந்து, புல்லை வெட்டாமல் பிய்க்கத் தொடங்கியபோது என்ஜின் வைத்த ஒன்றை வாங்கலாம் என்று முடிவாயிற்று. பின்னால் நடந்து போகிற மாதிரிதான் வேண்டும். ஆனால் அதில் இரண்டு அளவு. பதினாறு அங்குலம் வெட்டுவது ஒன்று, இருபத்தோரு அங்குலம் வெட்டுவது ஒன்று. "சின்னதே போதும்மா" என்றார் மேனேஜர் சார். நான் போய் அண்ணனிடம் கேட்டேன். அகலமானதை வாங்கினால் நடை குறையும், அவர் அதைத்தான் கேட்பார் என்று நம்பிக்கொண்டுதான் போனேன்.

"சின்னதே போதும் மேடம். பெர்சு எதுக்கு? இந்தப் புல்லுக்கு அதுவே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெங்களூர் கிட்டத்தில் இருந்தாலும் வேறு மாநிலம், வரிக் காகிதத் தொல்லை. அதனால் திருப்பதியில் ஒரு கடையிலிருந்து விலை கேட்டிருந்தோம். நேரில் பார்த்து முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று மேனேஜர் சார் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். விடியற்காலைப் பஸ். பலமநேர் தாண்டி மலைவளைவுகளில் இறங்கும்போது அண்ணன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சித்தூரில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் வைத்தார்.

"மொதல்ல துன்னும்மா. ஆபீஸ் கத எல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

அதுவரை நான் அவருக்கு மேடம். அந்தப் பஸ்ஸில்தான் அம்மாவானேன்.

கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து படபடவென்று பேசுகிற மனிதர். இடம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "அர எகரம்னா இருபத்தொண்ணுதான் மேடம்காரு கரெக்ட்டு. சின்னது எடுத்தா நடந்து நடந்து மனுஷன் தேஞ்சிடுவாரு" என்றார். பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்துப் புல்வெளியை அவர்தான் பராமரித்து வந்தார். இரண்டு மிஷின்களையும் அங்கே தள்ளிக்கொண்டு போய், ஒரே அளவாக இரண்டு துண்டு இடம் காட்டினார். அண்ணன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முதலில் சின்னதை எடுத்தார். நான் ஓரத்தில் நின்றேன். பன்னிரண்டு நடை. ஐந்து தடவை நின்றார். நின்றபோதெல்லாம் குனிந்தார். மண்டபத்துப் புல்லில் என்ன கல் இருக்கும்?

அடுத்தது பெரியது. அது கனம்தான். ஆனால் அதில் என்ஜினே பின்சக்கரத்தையும் சுற்றிவிடும், கூட நடந்தால் போதும். முதல் இரண்டு நடையில் தயங்கினார். மூன்றாவதில் அவருடைய முதுகு நிமிர்ந்தது. ரம்பத்தில் நிற்கும்போது அவர் எப்படி இருந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. ஒரு கை கைப்பிடியில், தலை லேசாகச் சாய்ந்து, காது என்ஜின் சத்தத்தில். ஒன்பது நடையில் முடித்தார். ஒரு தடவையும் நிற்கவில்லை.

என்ஜினை அணைத்துவிட்டு, கடைக்காரர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். இரண்டு முனையிலும் முடிச்சு. மண்டியிட்டு, பெரிய மிஷினின் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். மிச்சமிருந்த கயிற்றில் விரல்களை வைத்து அளந்தார்.

"என்ன கயிறுண்ணா அது?"

நான் பின்னால் நிற்பதை அவர் கவனித்திருக்கவில்லை. சட்டென்று சுருட்டப் போனவர் விட்டுவிட்டார். "நம்ம புல்லுக்குப் போற கேட்டும்மா. கல்லுத்தூணுக்கும் கல்லுத்தூணுக்கும் நடுவுல. நாலு வெரல் எடம் இருக்குது. பூந்துடும்."

சின்னதே போதும் என்று சொன்னவர் எங்கள் ஊரிலேயே வாசலை அளந்து, முடிச்சுப் போட்டு, ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். நான் புல்லிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியதுதான் வேணும்னா ஏன்ணா வேணாம்னீங்க? சின்னதுல அஞ்சு தடவ நின்னீங்க. இதுல ஒரு தடவகூட நிக்கல."

"நீ எண்ணிக்கினு இருந்தியா?"

"ஆறு மாசமா எண்ணிக்கினுதான் இருக்கேன். என் ஜன்னல்ல இருந்து."

கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "ரெண்டு நாளு வேலய இது அர நாள்ல முடிச்சுடும். அர நாளுக்கு அப்பறம் இவன் எதுக்குன்னு கேப்பாங்களா இல்லியா? மூச்சு போவட்டும்மா, வேல போவக்கூடாது. பையன் இன்னும் காலேஜ் முடிக்கல."

அகலமானதை எழுதினால் அவருக்கு மூச்சு மிஞ்சும், வேலை மிஞ்சுமா என்று தெரியாது. சின்னதை எழுதினால் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னும் எத்தனை வருஷம் நான் எண்ணுவது? திரும்பி வருகிற பஸ்ஸில், சித்தூர் தாண்டிய பிறகு, அவரே வழி சொன்னார்.

"நீ எழுதுற காயிதத்துல ஒண்ணு மட்டும் எழுதுவியாம்மா? மாலின்னு எழுதாத. மாலின்னா புல்லு இருக்கிற அளவுக்குத்தான் நானு. ஆபரேட்டர்னு எழுது. மிஷின் இருக்கிற வரைக்கும் ஆபரேட்டர் வேணும்ல?"

மறுநாள் அப்படியே எழுதினேன். இருபத்தோரு அங்குலம், வாசலில் நுழைவதற்கு நாலு விரல் இடைவெளி உண்டு, இயக்குவதற்குப் பழகிய ஆபரேட்டர் ஒருவர் தேவை. மேனேஜர் சார் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, புல்லு வெட்டறதுக்கு ஆபரேட்டரா?"

எண்ணெய் மாற்ற வேண்டும் சார், கத்தி தீட்ட வேண்டும், ஒரே ஒரு சில்லு தெறித்தாலும் வருகிறவர்கள் கார் கண்ணாடி போய்விடும், மிஷின் தெரிந்தவர் கையில்தான் கொடுக்கவேண்டும், மீதி நேரத்துக்கு ஜெனரேட்டரையும் பம்பையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் ஜன்னலருகே நின்றார். வெளியே பழைய புல்வெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. அது அவர் காதிலும் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"சரே. அப்படியே டைப் பண்ணு" என்று தெலுங்கு கலந்து சொன்னார்.

மிஷின் வந்து இறங்கிய அன்று அது கல்தூண்களுக்கு நடுவே புகுவதைப் பார்க்கப் பழைய ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நாலு விரல் என்றது நாலு விரலாகவே இருந்தது. அண்ணன் அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். புதிதாக வந்தவர்களும் அதன் பிறகு அவரை ஆபரேட்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதல் அழைப்புக்கே திரும்பினார்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்துப் போய்விட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் அப்போது அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணனின் மகனும் வந்து சேர்ந்தான். அவன்தான் அவ்வப்போது செய்தி சொல்வான். அண்ணனால் நடக்க முடியாமல் போனபோது அண்ணி கூட வர ஆரம்பித்தாராம். அண்ணன் சுவரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அண்ணி மிஷினைப் பழகிக்கொண்டாராம். அதற்குப் பின் ஒரு நாள் செய்தி வேறு மாதிரி வந்தது. எனக்குத் தெரிய வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியின் முன்னாலும் புல்தரை உண்டு. உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியில் ஒரு பையன் வந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, காப்பி ஆறுவதற்குள் வெட்டிவிட்டுப் போகிறான். அவன் நின்று நான் பார்த்ததில்லை. அது நல்லதுதான்.

அண்ணன் போன மறுவருஷம் குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தொழிற்சாலைக்கும் போனேன். அண்ணி புல் வெட்டிக்கொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகி, மேலே காக்கிச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையில் ஆபரேட்டர் என்று தெலுங்கில் இருந்தது. என்னைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சுவர் நிழலில் உட்கார்ந்தோம். இந்த வேலை கஷ்டமாக இல்லையா, அவர் நினைப்பு வராதா என்று கேட்டேன்.

"வர்றதுக்குத்தாம்மா செய்யறேன்" என்றார் அண்ணி. "பன்னெண்டு வருஷம் வூட்டுக்கு வந்தா அவரு மேல கல்லு வாசனதான். சோத்துல, பாயில, தலகாணியில எல்லாத்துலயும் அந்தத் தூசு. கடைசி அஞ்சாறு வருஷந்தான் மனுஷன் பச்ச வாசனையோட வந்தாரு. வெட்டுற அன்னிக்கு வாசல்ல கால வெக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சிடும். இப்ப நான் வூட்டுக்குப் போனா வூடு அப்பிடியே இருக்குது."

சொல்லிவிட்டு, புடவையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.