பந்து இல்லாத பக்கம்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். நாமக்கல்லில் வண்டி ஏறினால் திரும்பி வர இருபது நாள் ஆகும், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். வந்தால் ஒரு நாள் முழுக்கத் தூங்குவார். துணியைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பேன், மறுபடி கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். பிள்ளையும் இல்லை. போன சித்திரையில் விஜயவாடா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். ஊருக்குக் கொண்டுவந்தார்கள், எடுத்தார்கள், காரியமும் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

வெண்ணந்தூரில் எங்கள் தெருவுக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று பார்ப்பது போல. "அழுதுரு கண்ணு, உள்ளயே வெச்சிருந்தா ஒடம்பு தாங்காது" என்று ஒரு அம்மாள் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். உள்ளே எதையாவது வைத்திருந்தால்தானே? அவர் லோடு போயிருக்கிறார் என்றே என் உடம்பு நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்குத்தான் சோறு வடித்தேன், முன்பும் அப்படித்தான் வடித்தேன். ராத்திரி கதவைத் தாழ்போட்டுத் தனியாகத்தான் படுத்தேன், அதுவும் புதிதில்லை. எது மாறியது என்று அழுவது?

என் தங்கை மெல்போர்னில் இருக்கிறாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் சாவுக்கு வர முடியவில்லை. அந்தக் குறுகுறுப்பில் தினமும் போன் செய்வாள். பேச எனக்கு ஒன்றும் இருக்காது. வீட்டை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாத மாதங்கள் வேறு. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் மகனுக்குப் பதினேழு வயது. அந்த ஊர்க் கால்பந்து ஆடுகிறான். சனிக்கிழமை ஆட்டத்தை அவர்கள் கிளப்காரர்கள் நேரலையில் விடுவார்கள். அங்கே மதியம் என்றால் இங்கே காலைப் பலகாரம் முடிந்த நேரம். "சும்மா போட்டு வெச்சுட்டு உக்காந்துக்க அக்கா" என்றாள். போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. மைதானம் கோழிமுட்டை வடிவில் இருந்தது, பந்தும் அப்படித்தான். கால்பந்து என்று பேர், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எறியக் கூடாதாம், குத்தித்தான் தள்ள வேண்டுமாம். ஒரு பையன் இன்னொருவன் முதுகில் முட்டிக்கால் வைத்து ஏறி, அந்தரத்தில் பந்தைப் பிடிக்கிறான். எங்கள் ஊரில் அப்படி ஏறினால் அடிதடியாகிவிடும். அங்கே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வர்ணனை செய்யும் இரண்டு பேரும் அவன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் பையனுடைய பேரை அரை ஆட்டம் வரை யாரும் சொல்லவில்லை.

கூரை உயரத்திலிருந்து எடுக்கிற கேமரா என்பதால் மைதானம் முழுக்கத் தெரியும், பையன்கள் எறும்பாகத் தெரிவார்கள். மஞ்சள் ஷூவை வைத்து எங்கள் பையனை அடையாளம் வைத்திருந்தேன். பந்து எங்கே போகிறதென்று எனக்கு அக்கறை இல்லாததால் மஞ்சள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில வாரம் போன பிறகுதான் ஒன்று தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் பந்து இருக்கிற பக்கம் ஓடினார்கள். இவன் எதிர்ப் பக்கம் நகர்ந்தான். யாரும் இல்லாத இடத்தில் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் பந்து அங்கே வந்தது. வராவிட்டாலும், இவன் அங்கே நிற்கிறானே என்று எதிராளி ஒருவன் கூடவே போனான். அந்த ஆள் விட்டுப்போன சந்தில் இவனுடைய கூட்டாளி புகுந்து கோல் போட்டான், கைதட்டலும் வாங்கினான்.

பள்ளிக்கூடத்தில் நான் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவள். வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருப்போம், முதுகில் தட்டி 'கோ' சொன்னதும் எழுந்து துரத்த வேண்டும். ஓடுகிறவளைத் தொடுகிறவளுக்குத்தான் பேர். ஓடுகிறவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று முன்கூட்டியே தெரிந்து மடக்கி அனுப்பியவளை ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் குழுவில் அப்படி மடக்கி விடுகிறவள் நான்தான். அதனால் இவனைக் கண்டுகொண்டேன். தங்கையிடம் இதைச் சொன்னேன். "அட போக்கா, அவன் பந்தைத் தொடவே மாட்டேங்கறான்னு அவங்கப்பா பொலம்பறாரு" என்றாள்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். இந்த வருஷம் விட்டால் பையனுக்கு வயது தாண்டிவிடும். அவன் சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான். "நாலு தடவை எகிறிப் புடி, கண்ணுல படு" என்று அவன் அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எகிறினான். ஒரு தடவை நன்றாகவே பிடித்தான், வர்ணனைக்காரர்கள் அவன் பேரை எப்படியோ உச்சரித்தார்கள். இரண்டாவது தடவை இன்னொருவன் தோளில் கால் சறுக்கி, பின்னந்தலை தரையில் படும்படி விழுந்தான். வெளியே கூட்டிப் போனார்கள். யாரோ குனிந்து கேள்வி கேட்டார்கள், இவன் தலையாட்டினான், திரும்ப ஓடி உள்ளே வந்துவிட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் மஞ்சள் ஷூ பந்தின் பின்னால் ஓடியது. பந்து இடது பக்கம் போனால் இடது பக்கம், வலது பக்கம் போனால் வலது பக்கம், எல்லாருக்கும் கடைசியில். ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்தேன். எனக்குப் படபடப்பெல்லாம் வரவில்லை. மைதானத்தில் இருந்த தங்கைக்குப் போன் போட்டேன்.

"பையனை வெளிய கூப்பிடு."

"ஏனக்கா? நல்லாத்தான் இருக்கறான். கேள்வி கேட்டாங்க, எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னானாமா."

"பந்துக்குப் பொறகால ஓடறான்."

"பந்துக்குப் பொறகால ஓடாம பின்ன?"

"அவன் அப்படி ஓடற பையன் இல்ல. மண்டைல ஏதோ ஆயிருக்குது. கூப்பிடு."

"பாக்க வந்தவங்க மேல உக்காந்திருக்கறாங்க அக்கா. இப்ப எறக்குனா அவ்வளவுதான், எல்லாம் போச்சு."

"போகட்டும். கூப்பிடு."

அவள் போனாள். வேலி தாண்டிப் போய்ப் பயிற்சியாளரின் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் அவளை ஏசியிருக்கிறார். பையனை வெளியே உட்கார வைத்ததும் வாந்தி எடுத்தான். இன்றைக்கு யாரோடு ஆட்டம் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டானாம். ஆஸ்பத்திரியில் மூளை அதிர்ந்திருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் இன்னொரு அடி விழுந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டாராம்.

"நீ கத்தியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்று தங்கை பிறகு சொன்னாள். "மாமா போன பயத்துல நீ பேசறேன்னு நெனச்சிருப்பேன். நீ பஸ் டைம் சொல்ற மாதிரி சொன்ன. அதுலதான் நான் வேலி தாண்டிப் போனேன்." அதற்கும் எனக்குப் பெருமை வரவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

மாநில அணியில் அவன் பேர் வரவில்லை. அவன் என்னோடு பேசவில்லை. பெரியம்மாதான் கெடுத்துவிட்டார் என்று அவன் அப்பா சொல்லியிருப்பார், அவனும் நம்பியிருப்பான். நம்பாமல் எப்படி இருப்பான், இழந்தது அவன்தானே. நான் பழக்கத்தில் சனிக்கிழமை ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மஞ்சள் ஷூ இல்லாமல் எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து போன் வந்தது. மைதானத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம்.

"பெரிம்மா, பாக்கறீங்களா?"

"பாக்கறேன் சாமி."

"என்ற எடத்துக்கு வேற பையன உட்ருக்காங்க. நல்லா எகிறறான்."

"ம்."

"அந்தக் கோடியப் பாருங்க" என்றான். "காலியாக் கெடக்குது. யாருமே போக மாட்டேங்கறாங்க. நானும் கத்திப் பாத்துட்டேன்."

"அவங்களுக்குத் தெரியாது சாமி. நீ அங்க நின்னப்பவே அவங்களுக்குத் தெரியல."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

திரையில் பந்து அந்தக் கோடிக்கு வந்தது. புல்லில் ஒரு துள்ளல் துள்ளிவிட்டு, தொட ஆளில்லாமல் கோட்டைத் தாண்டி உருண்டு போனது. வர்ணனைக்காரர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"பெரிம்மா? அழறீங்களா?"

"ஆமா சாமி" என்றேன். "பெரியப்பா செத்துப் போயிட்டாரு."