ஃபலேசியின் தேர்வு முடிவு

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், குழிக்குள் இறக்குவதற்கு முன் அவருடைய வாழ்க்கையை எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். எங்கே பிறந்தார், எதுவரை படித்தார், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், என்ன நோயில் போனார். அரைப் பக்கத்தைத் தாண்டினால் வெயிலில் நிற்கிறவர்கள் இருமத் தொடங்கிவிடுவார்கள். முதும்பா ஊரில் இந்த வேலை என் தலையில்தான் விழும். நான் பள்ளித் தலைமையாசிரியர், சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும், அதுதான் காரணம். இதுவரை முப்பத்தேழு பேருக்கு எழுதியிருக்கிறேன். பொய் கலக்காதது ஒன்றுகூட இல்லை. பெண்டாட்டியை அடித்தவனை அன்பான கணவன் என்றும், குடித்தே அழிந்தவனை எல்லோரோடும் கலகலப்பாகப் பழகியவர் என்றும் எழுதியிருக்கிறேன். செத்தவரைப் பற்றிப் பொய் சொல்வது பாவம் இல்லை, ஊர் வழக்கம்.

முப்பத்தெட்டாவது ஃபலேசி.

அவள் எங்கள் பள்ளியில் பதினேழு வருஷம் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தினாள். ஆனால் முதல் நாள் அவள் வந்தது பாடம் நடத்த அல்ல, என்னோடு சண்டை போட. முதல் வகுப்பில் சேர வரும் பிள்ளை தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட வேண்டும். அவள் மகள் லிசினெத்துக்குக் கை எட்டவில்லை. அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன். பத்து நிமிஷத்தில் தாய் வந்து நின்றாள்.

"கை குட்டையா இல்ல சார், மண்டை பெருசு. மண்டை பெருசா இருந்தா உள்ளே நிறைய இருக்குன்னுதானே அர்த்தம்? உங்க காதை நீங்க தொட்டுக் காட்டுங்க, பாப்போம்."

அன்று எனக்கு ஏற்கெனவே தலைவலி. அறுநூறு பிள்ளைகளுக்கு என்னையும் சேர்த்து மூன்றே ஆசிரியர்கள். "எல்லாத்தையும் சேத்துக்கிட்டா யாரு நடத்துறது? அவ்வளவு அக்கறைன்னா நீயே வந்து நடத்து" என்று கத்தினேன். கோபத்தில் சொன்னது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமரத்தடியில் முதல் வகுப்புப் பிள்ளைகள் நூற்று நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, சுண்ணக்கட்டி கேட்டு என் அறை வாசலில் நிற்கிறாள்.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. மேல்நிலைப் பள்ளி முடித்தவள். புருஷன் எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்க வேலை என்று போனவன், ஒரு கடிதம், ஒரு போர்வை, அவ்வளவுதான் வந்தது. தாய் நாபிரியோடு இருந்தாள். சுண்ணக்கட்டியைப் பாதியாக உடைத்து, மறுபாதியை எனக்கே திருப்பித் தருவாள். சோடா மூடிகளைக் கோத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகையில் என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "சார், இங்க ஏதாவது கோழி கிண்டிட்டுப் போச்சா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டாள். நான் தப்பாகச் சொன்ன ஒரு நதியின் பெயரை எல்லோர் எதிரிலும் திருத்தினாள். எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

மழைக்கு முன்னால் ஒரு நாள் பெற்றோர் எல்லோரும் மண்வெட்டியோடு போய் அவள் நிலத்தைக் கொத்தி, மேட்டுப் பாத்தி கட்டிக் கொடுப்பார்கள். அதுதான் அவள் கூலி. அந்த நிலத்துச் சோளத்தில் ஏப்ரல் தொடங்கி ஆறு மாதம் களி கிண்டலாம். மிச்ச ஆறு மாதம் மாம்பழமும் பூசணி இலையும்.

ஜூலை மாதங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களும் தன்னார்வலர்கள்தான். மூன்று வாரம் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, ஒரு சுவருக்கு நீலச் சாயம் அடித்துவிட்டு, போகும்போது கட்டிப்பிடித்து அழுவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லமாட்டேன். ஆளுக்கொரு சான்றிதழ் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன், ஐம்பதாவது இருக்கும். ஃபலேசிக்கு ஒரே ஒரு சான்றுதான் தேவைப்பட்டது. அதை நான் கொடுக்கவில்லை.

அவள் வந்து பத்தாவது வருஷம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மாவட்டத்தில் தேர்வு வைத்தார்கள், தன்னார்வலர்களும் எழுதலாம் என்றார்கள். அவள் சட்டி கழுவும்போதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். எழுதிவிட்டு வந்தாள். அவளுக்குத் தபால் முகவரி ஏது, முடிவு பள்ளி முகவரிக்குத்தான் வந்தது. நான்தான் பிரித்தேன். நாற்பத்தாறு பேரில் அவள் மூன்றாவது. அவளுடைய சேவைச் சான்றை மாதக் கடைசிக்குள் தலைமையாசிரியர் அனுப்ப வேண்டும், வந்த பிறகு இறுதிப் பட்டியல் ஒட்டப்படும் என்று கீழே எழுதியிருந்தது.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. வழியில் பார்த்த ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலையே அவர் பள்ளிக் குழுவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சேவல்.

"சார், போனவன் எவன் திரும்பி வந்திருக்கான் சொல்லுங்க. படிக்க வெச்சு வடக்க எங்கயாச்சும் தள்ளிருவாங்க. அந்த நூத்தி நாப்பது பிள்ளைங்களை யாரு பாப்பா? நீங்களா?"

"அவ வாழ்க்கை ஒண்ணு இருக்குல்ல, தலைவரே?"

"அவளுக்கு என்ன குறை? வெதைக்கிற நேரம் எங்க நிலத்தைப் போட்டுட்டு அவ நிலத்தைக் கொத்துறோம். ராணியாட்டம் வெச்சிருக்கோம் சார். இந்த ஒரு வருஷம் மட்டும். அடுத்த வருஷம் நாங்களே தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வாரோம்."

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. சேவலை மட்டும் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவர் கேட்டது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அவள் போனால் அந்த மாமரத்தடிக்கு நான் போக வேண்டும். கடிதத்தை அலமாரியில் பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்தேன். மாதக் கடைசி வந்தது, போனது. அடுத்த வருஷம் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுதக்கூடாது என்று புதிதாக ஒரு விதி வந்தது. அவளுக்கு அந்த மாதம் முப்பத்தைந்து முடிந்திருந்தது.

அந்தத் தேர்வின் பட்டியல் ஒட்டிய அன்று நகரம்வரை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தாள். மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தாளாம். கால் முழுக்கப் புழுதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"என் மண்டை ஓட்டைச் சட்டி சார். எவ்வளவு ஊத்துனாலும் நிக்கமாட்டேங்குது."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அடுத்த தடவை பாத்துக்கலாம் டீச்சர்" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகும் ஏழு வருஷம் வந்தாள், ஒரு நாள் தவறாமல். ஆனால் என் எழுத்தைக் கேலி செய்வது நின்றுபோனது. யாரையும் திருத்துவதும் நின்றது. காலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவாள். "இது சரிதானா சார்? பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துறக் கூடாதில்ல." முதல் வகுப்புப் பாடம்! மூன்றும் நான்கும் ஏழு என்பதை என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள், எனக்கு நதிப்பெயர் சொல்லிக்கொடுத்தவள். சரிதான் டீச்சர் என்பேன்.

இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. லிசினெத்தை பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். நான் போய்ச் சத்தம் போட்டேன். "விடுங்க சார், அவளுக்கும் என் மண்டைதான். இருக்கிற காசைக் கொண்டுபோய் ஓட்டைச் சட்டியில ஊத்தவா?" என்றாள். மண்டை பெரிது என்று என்னோடு சண்டைக்கு வந்த அதே தாய். பதினாறு வயதில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த வீட்டு விருந்தில் நானும் உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றேன்.

போன பிப்ரவரி மழையில் ஃபலேசிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் காய்ச்சலோடு பாடம் நடத்தினாள். மூன்றாம் நாள் வாடகைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் வற்றிப்போயிருந்தது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். பாதி வழியில் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தபோது தலை அவன் முதுகில் சாய்ந்திருந்தது. நாற்பத்தோரு வயது.

ஆசிரியர் ஒருவர் செத்தால் கல்வி அலுவலகத்திலிருந்து சவப்பெட்டியும் வண்டியும் வரும். நான் போன் செய்தேன். பெயர் சம்பளப் பட்டியலில் இல்லையே என்றது மறுமுனை. ஊரில் பலகை அறுத்துப் பெட்டி செய்தார்கள். அவள் தாய் நாபிரி, பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள்.

"டீச்சர்னு எழுதுவீங்கல்ல சார்? சும்மா வந்து போனவள்னு எழுதிறமாட்டீங்கல்ல?"

"டீச்சர்னுதாம்மா எழுதுவேன்."

"பாவம், புத்திதான் பத்தல. ஆசை நிறைய இருந்துச்சு அவளுக்கு. அதையும் ஒரு வரி எழுதுங்க சார்."

நான் வீட்டுக்குப் போய் அரைப் பக்கம் எழுதினேன். பிறகு பள்ளிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

மயானத்தில் போதகர் ஜெபம் முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். குழியின் குறுக்கே இரண்டு கம்புகள், அவற்றின்மேல் பெட்டி. குழி வெட்டியவர்கள் கயிற்றோடு நின்றார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பக்கம், இடுப்பில் குழந்தையோடு லிசினெத் ஒரு பக்கம். பிறந்த வருஷத்தை வாசித்தேன். படிப்பை வாசித்தேன். பதினேழு வருஷம் ஆசிரியை என்று வாசித்தேன். நாபிரி தலையை ஆட்டினாள். அதோடு தாளை மடித்திருக்கலாம். முப்பத்தேழு பேருக்கு மடித்தவன்தானே. மடிக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்த அலமாரிக் கடிதத்தை எடுத்தேன்.

"ஃபலேசி தேர்வுல பாஸ் பண்ணினா. நாப்பத்தாறு பேர்ல மூணாவது. முடிவு என் கையிலதான் வந்துச்சு. நான் அனுப்ப வேண்டியதை அனுப்பல. அவகிட்டயும் சொல்லல."

ஊர்த்தலைவர் தரையைப் பார்த்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவன் நான், போடாமல் விட்டதும் நான். போதகர் என் முழங்கையைப் பிடித்து, "போதும் சார், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பெண்கள் பக்கத்தில் பாட்டைத் தொடங்கப் பார்த்தார்கள். நாபிரி கையை உயர்த்தி நிறுத்தினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எம் பொண்ணு புத்தி இல்லாதவ இல்லையா?"

"இல்லம்மா."

"மூணாவதா?"

"மூணாவது."

"இதை எதுக்கு எங்ககிட்ட சொல்ற? அவகிட்ட சொல்லு."

கயிறு வைத்திருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். நான் ஈர மண்ணில் மண்டியிட்டேன். பச்சைப் பலகை, ஆணி அடித்த மூடி. அதில் வாயை வைத்து, "ஃபலேசி, நீ பாஸ்" என்றேன். குரல் எழும்பவில்லை.

"அவளுக்குக் கேக்காது," என்றாள் நாபிரி. "சத்தமாச் சொல்லு."