விழுந்த இடத்தில் ஒரு கை

மல்யுத்த மேடையின் மூன்று மூலைகளுக்கு இடுப்பு வளைய ஒரு வணக்கம் போட்டுவிட்டு, நான்காவது மூலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வான் உவோசுமி. எதிராளி மேடையேறி, கயிற்றை உலுக்கி, கூட்டத்தைப் பார்த்துக் கத்தி முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பமாட்டான். ஏதோ ராசி என்று முன்வரிசைக் கிழங்கள் பேசிக்கொள்ளும். நான் நடுவர், அவனுக்கு இரண்டடி தள்ளி நிற்கிறவள். ராசியுமில்லை, ஒரு மண்ணுமில்லை.

அமாகசாகியில், கூரை போட்ட எங்கள் கடைவீதியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மல்யுத்தம் நடக்கும். மீன்கடைக்கும் என் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே உள்ள காலி இடம்தான் அரங்கம். பெரிய கம்பெனி எதுவும் எங்களுக்குப் பின்னால் கிடையாது. மேடையை நாங்களே இறக்கி, நாங்களே பூட்டி, நாங்களே அதன்மேல் விழுகிறோம். யார் ஜெயிப்பது என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாமே என்று என் நாற்காலியில் சவரத்துக்கு உட்காருகிறவர்கள் கேட்பார்கள். தொண்டையில் கத்தி இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?

வாரநாட்களில் உவோசுமி வீடு மாற்றும் கம்பெனியில் சாமான் தூக்குகிறான். நாற்பத்து நாலு வயது. மொட்டைத் தலை, கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஃப்ரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவான். இறங்கும்போது அதனோடு பேச்சு வேறு: “இரும்மா, இரு. இன்னும் ஒரு திருப்பம்தான்.” எல்லாம் லாரியில் ஏறி வீடு காலியானதும், கடைசி அறையில் மண்டிபோட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கொஞ்சநேரம் இருப்பான். அதைப் பார்த்து வீட்டுக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எதுக்குப்பா அது என்று கேட்டேன். “இத்தனை வருஷம் இவங்களத் தாங்குச்சுல்ல அக்கா. சொல்லாமக் கெளம்புனா நல்லாவா இருக்கும்?” என்றான்.

மேடையில் அவன் செய்கிற எதுவும் அவனுடையது இல்லை. அவனே சொல்வான். “எனக்குன்னு என்ன இருக்கு அக்கா? மொட்டை ஒண்ணுதான். அதுவும் நீ போட்டது.”

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அடியையோ பிடியையோ நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், இனிப்புப் பெட்டியோடு அவர் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். உவோசுமி அப்படிக் கேட்டு வாங்கிய மூன்று பேருக்குத்தான் அந்த மூன்று மூலை வணக்கமும். நெஞ்சில் திறந்த கையால் விடுகிற அறை, ஓனுகி என்பவருடையது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி கேட்கும். “எடுத்துக்கிட்டுப் போ. எனக்குத்தான் இப்ப கை காதுக்கு மேல ஏற மாட்டேங்குதே” என்று வாய்நிறைய இனிப்போடு சொன்னாராம் ஓனுகி.

நடந்து வருவது ஷிராகி அம்மாவுடையது. எதிரில் ஒருத்தி நிற்பதே தெரியாதவர் போல வந்து, கூந்தலை நிதானமாக அள்ளி முடிந்துகொண்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பார் அந்த அம்மாள். இவனுக்குக் கூந்தலுக்கு எங்கே போவது? கழுத்துத் துண்டை எடுத்து முடிகிறான். தன்னுடைய மதுக்கடையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அவனை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். “திருடுறதுன்னு வந்தாச்சு, உருப்படியாத் திருடுடா. இடுப்பு எங்க போச்சு உனக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தாராம்.

கயிற்றின் மேலிருந்து பாய்வது, முகமூடி போட்டு ஆடிய நகாயேயிடமிருந்து வந்தது. அவர் செத்துப்போயிருந்ததால் உவோசுமி கல்லறைக்குப் போய், கல்லுக்குத் தண்ணீர் விட்டு, பெட்டியை வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். “வேணாம்னு அவரு ஒண்ணும் சொல்லல அக்கா” என்றான் திரும்பி வந்து. அவன் உடம்புக்கு அதைப் பாய்ச்சல் என்று சொல்ல முடியாது, சரிவு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனாலும் மனசார சரிவான்.

நான்காவது ஆள் குரிமோத்தோ. அந்தக் காலத்தில், ஜனங்கள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிற முதல் ஆட்டத்தில் வருவார், தோற்பார், போய்விடுவார். தோள் இரண்டும் தரையில் பட விழுந்தவனுக்கு நடுவர் தரையைக் கையால் அடித்து மூன்றுவரை எண்ணுவார். மூன்றாவது அடி விழுவதற்குள் தோளைத் தூக்கினால் பிழைத்தான். குரிமோத்தோ விழுந்ததும் உள்ளங்கையை மெல்லத் தரையில் வைப்பார், முகத்தை ஒருபக்கம் திருப்புவார், மூன்றுக்கு ஒரு மயிரிழை முன்னால் தோளைத் தூக்குவார். பத்தொன்பது வயதில் அதைப் பார்த்த உவோசுமிக்கு, அன்று கடைசியில் ஜெயித்த சாம்பியனின் முகம்கூட ஞாபகம் இல்லை. இன்று எங்கள் கடைவீதியில் அவன் விழுந்தால் கூட்டம் அவன் கையைத்தான் பார்க்கும்.

குரிமோத்தோ இப்போது மூன்று ஸ்டேஷன் தள்ளி ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறார். இனிப்புப் பெட்டியோடு போனவனிடம், “ஆள் மாறி வந்திருக்கீங்க. மல்யுத்தமா? நான் பார்த்ததுகூடக் கெடையாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்துதான் அந்த மூலைக்கு முதுகு.

“கேக்காம எடுத்தாத் திருட்டுதானே அக்கா? திருட்டுச் சாமானை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வணங்குறது?”

“அப்ப விட்டுத்தொலை.”

“விட முடியலியே. அது இல்லேன்னா நான் வெறும் சாமான் தூக்கி.”

போன ஞாயிற்றுக்கிழமை, மேடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிள் ஸ்டாண்டின் சட்டையோடு ஒல்லியாக ஒருவர் வந்து நின்றார். “யாருய்யா இங்க உவோசுமி?”

பலகைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த உவோசுமி, ஆளைப் பார்த்ததும் முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல் வளைந்து நின்றான். சைக்கிள் விட வந்த யாரோ செல்பேசியில் எங்கள் ஆட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள். குரிமோத்தோ நேரே அவன் முன்னால் வந்து நின்றார்.

“என்னை வெச்சுக் கூத்துக் கட்டுறியா?”

“தப்புத்தான் அண்ணே. கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன், நீங்க…”

“என்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பி இடது காதை நீட்டினார். உவோசுமி விழுந்து கிடக்கும்போது தலையைச் சாய்ப்பானே, அதே சாய்வு. கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

“வலது காது இருபது வயசுலயே போச்சு. கூட்டம் கத்துனா இடதும் உதவாது. நடுவர் எண்ணுறது கேக்காம நான் எப்புடி எந்திரிக்கிறது? கைய வெச்சா தரை அதிர்றது தெரியும். முதலாளி வீட்டுக்கு அனுப்பிருவான்னு பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அப்படி மறைச்சத நீ மேடை போட்டு ஊருக்கே செஞ்சு காட்டுற. செவிடன்னா அவ்வளவு எளக்காரமாடா உனக்கு?”

“காதா?” என்றான் உவோசுமி. அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் என்னவோ முணுமுணுத்தான்.

“சத்தமாச் சொல்லு.”

“நன்றி சொல்றீங்கன்னு நெனச்சேன் அண்ணே.” கடைவீதிக்கே கேட்டது. “விழுந்தீங்கல்ல, அந்தத் தரைக்கு. தாங்குச்சேன்னு. தெனம் தோத்தாலும் தரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் எந்திரிக்கிறாரு இந்த மனுஷன்னு நெனச்சேன். அதப் பாத்துத்தான் நான் மல்யுத்தத்துக்கே வந்தேன்.”

மீன்கடைக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டார். இத்தனை வருடமாகத் தரையை அடித்து எண்ணுகிறேன். அதைக் கையால் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அதை நன்றி என்று நினைத்துக்கொண்டு ஒருவன் ஊரெல்லாம் காலி வீடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறான்.

“பலகைக்கா?” என்றார் குரிமோத்தோ. சூடு இறங்கியிருந்தது. “பாழாப்போன பலகைக்கு எவனாவது நன்றி சொல்லுவானா?” மேடையை ஒருதரம் பார்த்துவிட்டு, “செய்யாத. இனிமே செய்யாத” என்றார்.

“சரிண்ணே.”

முகம் சுண்டிப்போய் அவன் மறுபடி பலகைக்கு அடியில் நுழைந்துகொண்டான். கிளம்பப் போனவருக்கு நான் என் கடையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டேன். “வந்தது வந்துட்டீங்க, ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போங்க” என்று அவருடைய இடது காதுப் பக்கம் சொன்னேன். நாற்காலியை நான்காவது மூலையை ஒட்டித்தான் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. மூன்று மூலைக்கு வணக்கம், நான்காவதற்கு முதுகு. நெஞ்சில் விட்ட அறையில் உயிரில்லை, துண்டை முடிய மறந்துபோனான். கடைசியில் எதிராளி இடுப்போடு தூக்கி மல்லாக்கப் போட்டதில், நான்காவது மூலைக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தான். தோள் இரண்டும் தரையில். நானும் குப்புற விழுந்து ஒன்று அடித்தேன்.

கை தரைக்கு வரவில்லை. நெஞ்சின்மேல் முஷ்டியாக மூடிக் கிடந்தது. “கை எங்கப்பா?” என்று கூட்டத்தில் ஒரு குரல். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நான் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு எந்த நடுவரும் என்னை மன்னிக்கமாட்டார்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குரிமோத்தோ எழுந்து வந்து, அடிக்கயிற்றுக்குக் கீழே கையை நுழைத்து, உள்ளங்கையை மேடைத் தரையில் வைத்தார். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். உவோசுமி கிடந்த இடத்திலிருந்து அந்தக் கையைப் பார்த்தான். அவன் முஷ்டி மெல்லத் திறந்து, கீழே இறங்கி, தரையில் பதிந்தது.

இரண்டு அடித்தேன். மூன்றுக்கு ஒரு மயிரிழை முன்னால், முதலில் எழுந்தது குரிமோத்தோவின் தோள்.