கொக்கியை விட்டு நகராத தோணி

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் எஞ்சினியரிங் மாணவர்களுக்கு மெக்கானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். சார்பு இயக்கம் என்றாலே பையன்களுக்கு வேப்பங்காய். இரண்டு கப்பல்கள் இரண்டு திசையில் போகும் கணக்குக்கு, "நம்ம கப்பல் நிக்கிறதா வச்சுக்கோங்க. அதோட வேகத்தைத் திருப்பி அடுத்த கப்பல் மேல போடுங்க" என்று அம்புகள் வரைவேன். இரண்டு வேகமும் சேர்ந்து கிடைக்கும் மூன்றாவது அம்பு நம் கப்பலைத் தொட்டால் மோதல். இரண்டுக்கும் இடையே குறைந்தபட்ச தூரம் பூஜ்யம். ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டான். "அது வேற பக்கம்லா பாத்துப் போவுது, நம்ம மேல எப்படி சார் இடிக்கும்?" என்று வகுப்பு முடியும்வரை மல்லுக்கட்டுவான்.

அந்த வாரமே புதுத் துறைமுக வேலையைப் பார்க்க, திரேஸ்புரத்திலிருந்து மோட்டார் வைத்த வள்ளத்தில் அவர்களைக் கூட்டிப்போனேன். வலப்பக்கம் தூரத்தில் ஒரு சரக்குத் தோணி பாயெல்லாம் விரித்து வந்தது. பையன்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் சுக்கான் பிடித்திருந்த வள்ளக்காரருக்குத் தோணியே தெரியாமல் மறைத்துவிட்டார்கள்.

தோணியின் முகப்பு எங்களைப் பார்த்து இல்லை. முன்னால் குறுக்கே போய்விடும் போலத்தான் இருந்தது. ஆனால் வள்ளத்தின் விளிம்பில் இருந்த இரும்புக் கொக்கிக்கு நேராகத் தெரிந்த தோணி, நேரமாகியும் அந்தக் கொக்கியை விட்டு நகரவில்லை. பெரிதாகிக்கொண்டு மட்டும் வந்தது. முன்னால் கடந்துபோவதாக இருந்தால் அது கொக்கியைத் தாண்டி நகர்ந்திருக்க வேண்டும்; நம் கப்பலைத் தொடும் அந்த மூன்றாவது அம்பு இதுதான்.

"அண்ணாச்சி, எஞ்சினை நிறுத்துங்க" என்றேன்.

"நிப்பாட்டுனா லேசுல திரும்ப எடுக்காது சார். எதுக்குச் சொல்லுதீய?"

நான் கொக்கியையும் தோணியையும் கைகாட்டினேன். மல்லுக்கட்டும் பையன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கொக்கியை, பிறகு தோணியை. "ஏலே, எல்லாரும் உக்காருங்கலே" என்று அலறி, நின்றவர்களைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். மறைப்பு விலகியதும் வள்ளக்காரர் பார்த்துவிட்டார். எஞ்சினை அணைத்து, சுக்கானைத் திருப்பினார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தோணி எங்களுக்கு முன்னால் கடந்தது. மேலே இருந்தவர்கள் திட்டியது காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

அவர் சொன்னபடியே எஞ்சின் கிளம்பவில்லை. அலையில் ஆடிக்கொண்டு கிடந்தோம். அந்தப் பையன் என் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸைக் கேட்டு வாங்கி, வள்ளத்தின் பலகையில் இரண்டு அம்புகள் வரைந்தான். மூன்றாவதை வரையாமல் நிமிர்ந்தான்.

"அது நம்ம மேலதான் வரும், என்ன சார்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை எத்தனையோ வகுப்புகளில் வரைந்துவிட்டேன். குறைந்தபட்ச தூரம் பூஜ்யம் என்று மாணவர்கள் சாதாரணமாக விடை எழுதும்போதெல்லாம், அந்தப் பூஜ்யத்துக்குள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகளின் முகங்கள்தான் எனக்கு இன்றும் தெரிகின்றன.