கலியபெருமாள் வேண்டாம் என்ற கன்வெர்ட்டர்

கலியபெருமாள் இறந்தது எனக்கு இரண்டாவது செய்தியாகத்தான் வந்தது. மண்டியில் நெல் மூட்டைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். அறுவடை இயந்திரங்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் மன்னார்குடியிலிருந்து போன் செய்தார். "அண்ணே, மெஷின் ஒண்ணு வயல்ல எறங்கிப்போச்சு. அச்சு வரைக்கும் சேறு. உங்க பட்டாளத்து வண்டிய அனுப்பிவிடுங்க" என்றார். எந்த ஊர், ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், குறுக்கே வாய்க்கால் உண்டா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டு முடித்தேன். போனை வைக்கப்போகும் சமயத்தில், "அப்பறம், நம்ம கியர்பாக்ஸ் கலியபெருமாள் காலைல தவறிட்டாராம். நெஞ்சுவலி. உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே" என்றார். யாரும் சொல்லவில்லை.

வண்டியை மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டுத்தான் துக்கத்துக்குக் கிளம்பினேன். இதை மறைக்க விரும்பவில்லை. இதைவிட மோசமான ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர்ப் பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு, "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். அவரைப் பற்றிய ஒரு பொய்யையும் சேர்த்து அறிந்தவர்கள். பந்தலிலேயே அது என் காதில் விழுந்தது. "நல்ல வேலைக்காரர்ப்பா. அந்த ஒரு கன்வெர்ட்டர்லதான் ஏமாந்துட்டாரு" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "மண்டிக்காரரு முழிச்சிக்கிட்டு வேற வாங்கிப் போட்டாரு. இல்லன்னா அந்த வண்டி இன்னேரம் இரும்புக் கடைல கெடக்கும்" என்றார். மண்டிக்காரர் நான்தான். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான் மூட்டை தூக்கி மேலே வந்தவன். பிறகு நெல் வாங்கி விற்றேன், பிறகு மூன்று அறுவடை இயந்திரங்கள் வாங்கினேன். டெல்டாவில் இயந்திரம் வைத்திருப்பவனுக்கு அறுப்பைவிடப் பெரிய கவலை சேறு. தை மாதம் ஒரு மழை தப்பிப் பெய்தால் போதும், இயந்திரம் வயலுக்குள் உட்கார்ந்துவிடும். அதை இழுத்து வெளியே போட ஒரு வண்டி வேண்டும் என்று ராணுவ ஏலத்தில் கழித்த பழைய லாரி ஒன்றை எடுத்தேன். நாலு சக்கரமும் இழுக்கும், இரும்பு மாதிரி வண்டி. ஆனால் ஒரு சீசனில் மூன்று கிளட்ச் பிளேட்டைத் தின்றது. மூன்றாவதைக் கழற்றிய அன்று கலியபெருமாள் அதை என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க மண்டிக்காரரே. பாதிக் கிளட்ச்சுல நிக்க வச்சு இழுத்தா இப்படித்தான் கருகும். பிளேட்டு வாங்கி மாளாது. கன்வெர்ட்டருக்கு மாத்திடுவோம்."

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் இரண்டு கிண்ணங்களை வாங்கி வாயோடு வாய் வைத்துக் காட்டினார். ஒரு கிண்ணத்தை எஞ்சின் சுற்றும். நடுவில் ஆயில். அந்த ஆயில் போய் அடித்து இன்னொரு கிண்ணத்தைச் சுற்றும், அது கியர்பாக்ஸைச் சுற்றும். உரசுவதற்குப் பிளேட் இல்லை. சக்கரம் நகராமல் நின்றாலும் எஞ்சின் அணையாது, அழுத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். "சேத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். துறைமுகத்தில் கழித்த கிரேன் ஒன்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அதிலிருந்த கன்வெர்ட்டர் உடைந்து போயிருந்தது. அதற்கு மாற்று தேடித்தான் நாங்கள் இருவரும் சென்னைக்குப் போனோம்.

பழைய சாமான் விற்கும் கடையில் எங்கள் கியர்பாக்ஸுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, சட்டி மாதிரி அகலம், துரு ஏறியது. இன்னொன்று சிறியது, பளபளவென்று பெயிண்ட் அடித்தது. கடைக்காரர் சிறியதைத் தட்டிக் காட்டி, "ரேஸ் சாமான் சார். எஞ்சின் நல்லா ரைஸ் ஆனதுக்கப்புறம்தான் புடிக்கும். புடிச்சா வண்டி பாயும்" என்றார்.

கலியபெருமாள் அதைத் தொடவே இல்லை. "பாயறதுக்கு நாங்க என்ன குதிரையா வாங்க வந்தோம்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நம்மளது டீசல் எஞ்சின். கீழ் சுத்துலயே அதுக்கு முழு பலமும் இருக்கு. அது எங்க நல்லா மூச்சு விடுதோ அங்க கன்வெர்ட்டர் புடிக்கணும். இந்தச் சின்னது அதுக்கு ரொம்ப மேலதான் புடிக்கும். அது வரைக்கும் ஆயில் சும்மா வழுக்கிச் சுத்தும். வழுக்கற ஆயில் கொதிக்கும். பெருச எடுங்க."

"பெருசு மந்தமா இருக்காதா?"

"மந்தமா இருக்கட்டும். எவ்வளவு இழுக்கும்னு கேக்காதீங்க. எவ்வளவு நேரம் இழுக்கும்னு கேளுங்க."

நான் சிறியதை எடுத்தேன். காரணம் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். நம் பக்கத்தில் இழுவை வண்டிக்கு விளம்பரமே சத்தம்தான். வயல் வரப்பில் ஐம்பது பேர் நின்று பார்ப்பார்கள். எஞ்சின் உறுமினால்தான் "இழுக்குது" என்பார்கள். சத்தமில்லாமல் நகர்ந்தால் வண்டியில் சத்து இல்லை என்று அடுத்த ஊருக்குச் சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அந்த உறுமல் வேண்டியிருந்தது. கலியபெருமாள் கடைசியாக ஒன்று சொன்னார். "நெல்லக் கடிச்சுப் பாத்து ஈரம் சொல்றீங்க. நான் என்னிக்காவது குறுக்க பேசியிருக்கேனா?" நான், "வாங்கறது நான், பூட்டறது நீ" என்றேன். அவர் பூட்டினார். சூடான ஆயிலை ஆற வைக்கப் பெரிய கூலர் ஒன்றும், சூடு காட்டும் மீட்டரும் அவராகவே சேர்த்தார். முள் சிவப்புக்குப் போனால் வண்டியை நியூட்ரலில் போட்டு அரைமணி நேரம் ஆற விட வேண்டும் என்று டிரைவரிடமும் என்னிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன் மாசி மாதம், வேதாரண்யம் போகும் வழியில் ஒரு கிராமம். இயந்திரம் ரோட்டிலிருந்து வெகு உள்ளே மாட்டியிருந்தது. கலியபெருமாளும் எங்களோடு வந்திருந்தார். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வயலுக்காரர், "ஐயா, மழ வுழுந்துட்டா மிச்ச அறுப்பும் போச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி உறுமியது, நான் எதிர்பார்த்தபடி கூட்டமும் பார்த்தது. மூன்றாவது இழுப்பில் முள் சிவப்பைத் தொட்டது. கலியபெருமாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆறட்டும்."

"இன்னும் பத்தடிதான் இருக்கு."

"ஆயில் கொதிக்குது. வாடை வருது பாருங்க."

"இன்னும் ஒரே இழுப்பு. அப்பறம் நாள் முழுக்க ஆறட்டும்."

டிரைவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவன் நான். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எங்கேயோ கசிவதைக் கண்டு கலியபெருமாள் வண்டிக்கு அடியில் குனிந்தார். கூலருக்குப் போகும் ஹோஸ் அப்போதுதான் வெடித்தது. அவரிடமிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது, அவ்வளவுதான். வலது கை தோள் வரைக்கும், கழுத்தில் பாதி, கொதிக்கிற ஆயில். வாய்க்கால் தண்ணீரில் அவரை உட்கார வைத்தோம். தண்ணீரில் சிவப்பு ஆயில் பரவியதைப் பார்த்து வயலுக்காரரின் மனைவி ரத்தம் என்று நினைத்து அழுதார்.

ஆஸ்பத்திரிக்கு வண்டிக்காரர்கள் திரண்டு வந்தார்கள். "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து அவர் சொன்னார், "என் கணக்குதான் தப்பு. சின்ன கன்வெர்ட்டரா பாத்துப் போட்டுட்டேன்." எல்லாரும் போனபின் என்னிடம், "இப்ப சீசன் நேரம். நீங்க அமுக்கச் சொல்லித்தான் இப்படின்னு தெரிஞ்சா உங்க வண்டில ஒரு டிரைவரும் ஏற மாட்டான், மெஷினெல்லாம் நின்னுபோவும். அறுப்பு முடியட்டும். அப்பறம் நீங்களே சொல்லிக்கங்க" என்றார். அவரைத் தியாகி ஆக்க நான் முயலவில்லை. என் மூன்று இயந்திரங்களின் வேலையும் அவர் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவை நின்றால் அவருக்கும் நஷ்டம். அவர் கேட்டது ஒரு சீசனுக்கான அவகாசம்.

அறுப்பு முடிந்தது. குறுவை வந்தது, அதுவும் முடிந்தது. நான் சொல்லவில்லை. முதலில் சரியான சமயம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பெரிய கன்வெர்ட்டரைச் சென்னையிலிருந்து நான்தான் வரவழைத்தேன். கட்டு பிரிக்காத வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பூட்டினார். இன்றுவரை அது ஒரு சீசன்கூட மக்கர் செய்ததில்லை. அதற்கான பேர் எனக்கு வந்தது. பட்டுக்கோட்டையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் இழுவை வண்டி கட்டுகிறவர்கள் என்னிடம் வந்து எந்த கன்வெர்ட்டர் எடுப்பது என்று கேட்டார்கள். "எவ்வளவு இழுக்கும்னு கேக்காதீங்க, எவ்வளவு நேரம் இழுக்கும்னு கேளுங்க" என்று நான் சொன்னேன். என் வாக்கு மாதிரி சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

அந்த நாட்களில் அவர் பட்டறைக்கு கியர்பாக்ஸ் வருவது நின்றது. விரல்கள் முழுதாக மடங்காததும் ஒரு காரணம். ஆனால் அவர் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லையே. உட்கார்ந்து சொல்லியே அவர் வேலை வாங்குவார் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். கணக்குத் தப்புகிறவர் என்ற பேர்தான் வேலையை நிறுத்தியது. கடைசி நான்கு வருடம் டிராக்டர் பிரேக்குக்கு லைனிங் மாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் போனபோது ஒரு டிராக்டர்காரர் அவரிடம், "பெரியவரே, இதாவது சரியா இருக்குமா?" என்று கிண்டலாகக் கேட்டார். கலியபெருமாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது அவர் மனைவி மல்லிகாவிடம் போய், "தங்கச்சி, அந்தக் கன்வெர்ட்டர் அவர் எடுத்தது இல்ல" என்றேன்.

"தெரியுங்க" என்றார். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டாரு."

"என்னைத் திட்டியிருப்பாரு."

"திட்டலைங்க. ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி, துணி எடுத்துக்கிட்டு வருவீங்கல்ல. உங்கள அனுப்பிட்டு உள்ள வந்து, 'இன்னிக்குச் சொல்லுவாருன்னு நெனச்சேன்'ம்பாரு. போன பொங்கலுக்கும் சொன்னாரு." அடுக்கிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, "என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே" என்றார்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். கன்வெர்ட்டரைத் தப்பாக எடுத்தவன் நான். சூடேறிய வண்டியை இழுக்கச் சொன்னவனும் நான். என் வண்டியில் இன்று ஓடுவது கலியபெருமாள் முதல் நாளே கை காட்டியது. அவர் கணக்கு ஒருபோதும் தப்பவில்லை. யாராவது இனி வேறு மாதிரி சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பொங்கலன்றும் வாசலைத் தாண்டி என் கார் வரைக்கும் வருவார். நான் ஏறி உட்கார்ந்தபின்னும் போகமாட்டார். மடங்காத அந்தக் கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். மழையைப் பற்றி, மேட்டூரில் தண்ணீர் திறப்பதைப் பற்றி நான் பேசுவேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தபடி இருப்பார். மரியாதைக்காக நிற்கிறார் என்று நினைத்து ஆறு வருடமும் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்தேன்.