தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

முதலில் முதுகை நிமிர்த்தி உட்காருவார். பிறகு உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி, எதிர்ச்சுவர் ஓரம் ஆண்களுக்குப் போட்டிருக்கும் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்ப்பார். பார்வை எங்காவது இடறினால் எழுந்து, நாற்காலியைக் காலால் இரண்டு விரற்கடை தள்ளி, மறுபடி உட்காருவார். சனிக்கிழமை பிற்பகல், புவெனஸ் அய்ரஸின் அல்மாக்ரோ பேட்டை மன்றத்தில் டாங்கோ கூடம் திறப்பதற்குள், பெண்கள் பக்கத்து அறுபது நாற்காலிகளிலும் சுலேமா இப்படி உட்கார்ந்து எழுந்துவிடுவார். வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்குவது அவர் வேலை. வயது எழுபத்தொன்று.

இங்கே யாரும் மேசைக்கு வந்து கைநீட்டி ஆட அழைப்பதில்லை. தூரத்திலிருந்தே ஒரு பார்வை, சின்னத் தலையசைப்பு. அவள் பதிலுக்கு அசைத்தால் அவன் எழுந்து வருவான். அவன் வந்து நிற்கும்வரை அவள் எழக்கூடாது. பிடிக்காவிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், யாருக்கும் மானக்கேடு இல்லை. ஆனால் கண் எட்டாத இடத்தில் உட்கார்ந்தவள் கூடத்துக்கே வராதவள்தான்.

இடையில் இருபது வருடம் டாங்கோ கிழங்களின் ஆட்டமாகிப்போய், இந்தத் தளத்தில் பையன்கள் கூடைப்பந்து ஆடினார்கள். கோடுகள் மெழுகுக்கடியில் இன்னும் தெரிகின்றன. இப்போதோ ஒசாகாவிலிருந்தும் ஹெல்சின்கியிலிருந்தும் துணிப்பையில் ஷூவோடு வந்து இறங்குகிறார்கள். வாயில் நுழையாத பெயர்களுக்குப் பதிலாக, முன்பதிவு அட்டையில் சுலேமா ஷூவின் நிறத்தை எழுதி வைப்பார்: சிவப்பு ஒன்று, பச்சை இரண்டு.

தூணுக்குப் பின்னாலிருக்கும் நாற்காலியை மட்டும் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. அதன்மேல் கோட்டுகள் குவிந்து கிடக்கும்.

"அதுல ஒரு ஆளை உக்கார வெச்சா குடியா முழுகிடும்?" என்று சீண்டுவார் பரிசாரகர் எலாடியோ.

"அது கோட்டுக்கு. நீ காபியைப் பாரு."

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, முன்பதிவு செய்யாத ஜெர்மானியர் பதினொரு பேர் வந்து கூடம் நிறைந்துவிட்டது. கடைசியாக வந்தாள் எதெல்மிரா. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டு மாதம் கழித்து வருகிறாள்.

"சுலேமா, சொல்லிட்டேன். இன்னிக்கு ஒருத்தனும் கூப்பிடலன்னா இந்த ஷூவை மருமகளுக்குக் கொடுத்துட்டு டிவி முன்னாடி உக்காந்துடுவேன்."

"உன் மருமக கால் படகு மாதிரி இருக்கும், இது எங்கடி நுழையும்? வா."

எலாடியோ கோட்டு நாற்காலியைக் கண்ணால் காட்டினார். சுலேமா அதைப் பார்க்காததுபோல, வாசலோரம் முன்வரிசையிலிருந்த தன் சொந்த இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு சுற்று, அது முடியும்வரை ஜோடி மாறாது. முதல் நான்கு பாட்டுக்கு யாரும் அழைக்கவில்லை. அடுத்த நான்குக்கும் இல்லை. அந்த இடுப்பை நினைத்து ஆண்கள் பயந்தார்கள். எதெல்மிரா ஷூ வாரைத் தளர்த்தத் தொடங்கினாள்.

அப்போது எதிரே டெல்ஃபோர் தலையசைத்தார். பழைய பஸ் டிரைவர். அழகு கெடும் என்று ஆடும் நாளில் கண்ணாடி போடமாட்டார். எதெல்மிரா எட்டு மாத ஏக்கத்தில் விதியை மறந்து எழுந்துவிட்டாள். விதியே தெரியாத பக்கத்து நாற்காலி ஜெர்மன் பெண்ணும் எழுந்துவிட்டாள். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. டெல்ஃபோர் நடந்துவந்தது இளையவளை நோக்கித்தான்.

சுலேமா நாலே எட்டில் போய், அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, அவள் ஷூவைக் கவலையோடு சுட்டிக்காட்டினார். அவள் பதறி உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டெல்ஃபோர் வந்து நின்றபோது அவர் முன் நின்றவள் எதெல்மிரா ஒருத்திதான். அவர் கைகளை விரித்தார்.

நான்கு பாட்டும் முடிந்து, முறைப்படி அவளை நாற்காலிவரை கொண்டுவந்து விட்டவர், சுலேமாவின் காதருகே குனிந்தார். "நான் அந்தப் பொண்ணைத்தானே கூப்பிட்டேன்?"

"கண்ணாடி போட்டா தெரியும். எதெல்மிராவைத்தான் கூப்பிட்டீங்க."

"அப்படியா? நல்ல ஆளாத்தான் பாத்திருக்கேன். இடுப்பா அது, பட்டு!"

அந்தக் கடைசி வார்த்தை காதில் விழ, எதெல்மிரா ஷூ வாரை இறுக்கிக் கட்டினாள்.

கோட்டு நாற்காலியின் கதையை எலாடியோ சொன்னது ஒரு வாரம் கழித்து. கூடைப்பந்து வளையத்தைக் கழற்றிக் கூடத்தை மறுபடி திறந்த வருடம், தூணுக்குப் பின்னாலிருந்த அந்த நாற்காலியில் புது ஷூவோடு ஒருத்தி பதினொரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தாளாம். ஒரு தலையசைப்பும் அவள்வரை வரவில்லை. பன்னிரண்டாவது சனிக்கிழமை சுலேமா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, அந்தப் புது ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, முதல் நாற்காலியைக் காலால் நகர்த்தினார்.